ஒரு இருமல் போதும்

"நடுவுல இருக்கிற மஞ்சள் விளக்கையே பாருங்க. சுத்தி எங்கயாவது வெள்ளைப் பொட்டு மினுக்குனா பட்டனை அமுக்குங்க. கண்ணை உருட்டித் தேடாதீங்க. தெரியலைன்னா சும்மா இருங்க."

பகல் முழுக்க நான் பேசுறது இவ்வளவுதான். காலையில வாயைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் இதே பாட்டு. வீட்டுக்குப் போனா "சாப்பிட்டியா"ன்னு யாராவது கேட்டாக்கூட பதில் சொல்ல அலுப்பா இருக்கும். கண் ஆஸ்பத்திரியில ஓரப்பார்வை எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற ரூம் என்னோடது. ஜன்னல் கிடையாது, விளக்கும் போடக்கூடாது. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவுத்து நிறுத்தி வச்ச மாதிரி ஒரு மெஷின், அதுல தாடையை வைக்க ஒரு கட்டை, ஒரு ஸ்டூல், மேஜைமேல ஒரு கம்ப்யூட்டர், நான், ஏசி. அந்த ஏசிக்கு என்மேல என்ன கோபமோ, ஒரு வாரமா சளியும் இருமலுமாக் கிடந்தேன்.

வர்றவங்க எல்லாருக்கும் இது ஒரு பரீட்சை. பாஸ் பண்ணியே ஆகணும். முடிச்சுட்டு "எத்தனை மார்க்கும்மா?"ன்னு கேட்பாங்க. கூட வந்த பெண்டாட்டி பின்னாடி நின்னுக்கிட்டு "அமுக்குங்க, அமுக்குங்க"ன்னு முதுகுல இடிப்பாங்க. அட, தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே இந்த மெஷினையே வாங்கி வச்சிருக்கு! சொன்னா யார் கேட்கிறா. தொண்டைத் தண்ணி வத்துனதுதான் மிச்சம்.

அன்னைக்கு மதியம் கதவைத் திறந்துக்கிட்டு வந்தது எங்க அத்தான், அக்கா புருஷன். ஸ்கூல் வேன் ஓட்டுறவர். காலை டிரிப்பை முடிச்சுட்டு, வேனை ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வந்திருந்தார். வேன் பிள்ளைங்க அவருக்கு வச்ச பேரு 'ஹாரன்'. முன்னெல்லாம் அப்படி அடிக்கிறவர் இல்ல, இப்ப கொஞ்ச காலமாத்தான். திருப்பம் வந்தா ஹாரன், கேட் வந்தா ஹாரன், ஈ காக்கா இல்லாத ரோட்டுலயும் ஹாரன். வேனோட இடது பக்கக் கண்ணாடி அடிக்கடி உடையும். கேட்டா, "நான் எங்க இடிச்சேன், சுவர்தான் வந்து இடிச்சுது"ன்னு சிரிப்பார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க அத்தான். நாப்பதைத் தாண்டியாச்சு. உங்க அப்பாவுக்கும் கடைசியில பார்வை போச்சு, இதெல்லாம் குடும்பத்துல வரும்"னு நான் சொல்லாத நாளில்ல. "எனக்குக் கழுகுக் கண்ணு பாப்பா"ன்னு போயிடுவார். அக்கா வேற, "இவளுக்கு வீட்டுலயும் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிற வேலை"ன்னு ஒத்து ஊதுவா. கடைசியில பேப்பர்ல எழுத்து மங்குதுன்னு வெறும் மூக்குக் கண்ணாடிக்காகத்தான் வந்தார். டாக்டரம்மா அதோட விடலை. கண் அழுத்தம் பார்த்தாங்க, மருந்து விட்டுக் கண்மணியை விரிய வச்சு உள்ள நரம்பைப் பார்த்தாங்க. அழுத்தம் ஏறியிருந்தது, நரம்பு வெளுத்துப் போயிருந்தது. க்ளாக்கோமா.

அது ஒரு ஊமைக் குசும்பு. வலிக்காது, சிவக்காது. நேராப் பார்க்கிற பார்வை கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும், ஓரத்துல இருந்து சத்தமில்லாமத் தின்னுக்கிட்டே வரும். ஒரு கண்ணுல போனதை இன்னொரு கண்ணு மூடி மறைச்சிடும். போனது போனதுதான். மிச்சத்தைத்தான் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். எவ்வளவு மிச்சம்னு சொல்ற வேலைதான் என் ரூமுக்கு.

முதல் தடவை அவர் வந்தப்ப நான் லீவு. எனக்குப் பதிலா உட்கார்ந்தவர்கிட்ட டெஸ்ட் எடுத்திருக்கார். பாட்டுக்குத் தாளம் போடுற மாதிரி ஒரே சீரா அமுக்கித் தள்ளியிருக்கார். மெஷின் அதுக்கும் மேல. நடுநடுவுல பொட்டே காட்டாமச் சும்மா இருக்கும், திருடனைப் பிடிக்கத்தான். அப்பவும் அமுக்கியிருக்கார். இது செல்லாது, திரும்ப எடுங்கன்னு டாக்டரம்மா அனுப்பிட்டாங்க.

"நீயே இருக்கியா, நல்லதாப் போச்சு" என்று கதவைச் சாத்தினார். ஸ்டூல்ல உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, பொட்டு வர்றது உன் கம்ப்யூட்டர்ல தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப லேசா இருமு. ஒரு இருமல் போதும், நான் புரிஞ்சுக்குவேன். உனக்குத்தான் சளி பிடிச்சிருக்கே, யாருக்கும் சந்தேகம் வராது."

"விளையாடுறீங்களா அத்தான்?"

அவர் சிரிக்கலை. "வேன் ஓட்டாதேன்னு சொல்லிட்டாங்கன்னா? இந்த ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? வீட்டுல உட்கார்ந்து உங்க அக்கா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" எனக்குக் கோபமும் வந்தது, பாவமாவும் இருந்தது. நான் இருமினா கண்ணு நல்லா இருக்குன்னு காகிதம் சொல்லும். டாக்டரம்மா மருந்தைக் குறைச்சு எழுதுவாங்க. மிச்சம் இருக்கிறதும் போயிடும், அதுவும் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டும்போது போகும்.

"இருமமாட்டேன்" என்றேன்.

"சரி சரி, பார்க்கலாம்" என்றார், நான் ஏதோ பிகு பண்ணிக்கிற மாதிரி.

இடது கண்ணை மூடிக் கட்டிட்டு வலது கண்ணை ஆரம்பிச்சேன். பட்டன் சத்தம் வந்துக்கிட்டு இருந்தது. மூக்குப் பக்கம் கொஞ்சம் விட்டார், மத்தபடி மோசமில்ல. ஆனா எனக்குத் தொண்டையில அரிக்க ஆரம்பிச்சது. தண்ணி குடிச்சேன். கைக்குட்டையை வாயில வச்சு அழுத்தினேன். கண்ணுல தண்ணி முட்டுது, நெஞ்சு குலுங்குது. நிஜமான இருமலை அடக்குறது எவ்வளவு கொடுமைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதுக்கு மேல முடியலை. வெடிச்சுக்கிட்டு வந்துடுச்சு.

உடனே அவர் அமுக்கினார். திரையில ஒரு பொட்டும் இல்ல. இன்னொரு தடவை இருமினேன். மறுபடியும் அமுக்கினார். மெஷினை நிறுத்தினேன்.

"இப்ப எந்தப் பொட்டைப் பார்த்தீங்க?"

"அதான்... மேல, ஓரமா."

"ஒரு பொட்டும் வரலை அத்தான். எனக்கு நிஜமாவே இருமல் வந்துச்சு."

அவர் தாடைக் கட்டையிலிருந்து முகத்தை எடுக்கலை. எனக்குத்தான் பொத்துக்கிட்டு வந்தது. "யாரை ஏமாத்துறீங்க? என்னையா, இந்தத் தகர டப்பாவையா? தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லி என்னத்தைக் கண்டீங்க? நாளைக்கு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்ரூம் போவீங்களே, அப்ப யாரு இருமுவா? நாள் பூரா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து பொய் சொல்றான். எனக்கு அலுத்துப் போச்சு அத்தான். நீங்களுமா?" சின்னப் பிள்ளையாட்டம் மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்.

அவர் பட்டனைக் கையில சரியாப் பிடிச்சுக்கிட்டார்.

"முதல்ல இருந்து போடு" என்றார். "ஒழுங்கா சொல்றேன்."

வலது கண்ணை முழுசா எடுத்தேன். பாதிக்கு மேல பார்வை இருந்தது, அதுவரைக்கும் நிம்மதி. கண்ணு மூடுற பட்டையை மாத்தி வலது கண்ணுல போட்டேன், இனி இடது கண்ணு. அவருக்கும் தைரியம் வந்திருக்கணும், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மஞ்சள் விளக்கு தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

ஆரம்பிச்சேன். திரையில மேல ஒரு பொட்டு வந்தது. பட்டன் சத்தம் இல்ல. கீழ வந்தது. இல்ல. மெஷின் அதே இடத்துல வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டுது, அவர் நல்ல பையனாட்டம் அசையாம உட்கார்ந்திருக்கார். கட்டைவிரல் பட்டன்மேல தயாரா இருக்கு. அந்த நேரம் எனக்கு இருமல் இல்ல. ஆனா இருமணும்போல இருந்தது. வாய் வரைக்கும் வந்துடுச்சு, கைக்குட்டையைக் கடிச்சுக்கிட்டேன்.

"பாப்பா" என்றார்.

"ம்."

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சாச்சு அத்தான்."

"எப்ப?"

"அப்பவே."

அவர் அசையலை. மஞ்சள் விளக்கையே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் மெஷினை நிறுத்தினது அவருக்குத் தெரிஞ்சிருக்காது, ஓடினாலும் நின்னாலும் அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

"வேன் கதவு இந்த இடது பக்கம்தான் பாப்பா" என்றார் மெதுவா. "பிள்ளைங்க இந்தப் பக்கமாத்தான் இறங்கி ஓடும்." அப்புறம், "அதான் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன் போல. அதுங்களே விலகிக்கட்டும்னு. எனக்கே தெரியாம."

அவர் தோள்ல கையை வச்சேன். அவர் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, கையால தடவி மேஜை விளிம்பைக் கண்டுபிடிச்சு வச்சார்.

"ஸ்கூல் விடுற நேரம் ஆகுது. நம்ம மெக்கானிக்குக்குப் போன் போட்டு வேனை எடுத்துட்டுப் போகச் சொல்லு. பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொல்லு." சாவியை என் பக்கம் தள்ளினார். "குடும்பத்துல வரும்னு சொன்னியே, நம்ம பெரிய பையனையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து கண்ணைக் காட்டணும், இல்ல?"

"கட்டாயம் காட்டணும் அத்தான். அக்காகிட்ட நான் பேசுறேன்."

"சரி, நீ இதை முடி. மருந்து எழுதணும்ல."

போனைப் போட்டுச் சொல்லிட்டு வந்து மறுபடி ஆரம்பிச்சேன். ஓரத்துல எத்தனையோ பொட்டு வந்து போச்சு, அவர் சும்மா இருந்தார். நடுவுல வந்த ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் அமுக்கினார். அமுக்கினது எல்லாம் சரியா இருந்தது.