அம்மை என்று சொன்னேன்

என் மகள் வானதிக்குத் திருத்துறைப்பூண்டியில் சம்பந்தம் பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரமே அவளுக்கு அடிவயிற்றில் வலி. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தோம். படம் தெளிவாக விழக் கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். கட்டியோ கல்லோ எதுவும் இல்லை. இல்லாத நோயை ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும்? கல்யாணப் பெண்ணைப் பற்றி ஆஸ்பத்திரிப் பேச்சு எழுவது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றேன்.

நான்காம் நாள் காய்ச்சல். மார்பிலும் முதுகிலும் செந்தடிப்பு. அம்மை என்றேன். வாசலில் வேப்பிலை செருகினேன். அம்மை கண்ட வீட்டில் மாத்திரை கொடுப்பதில்லை. யாரும் காரணம் கேட்பதுமில்லை.

மாப்பிள்ளையின் தாயார் ஜெயபாரதி இளநீரோடு பார்க்க வந்தார். அவர் இருக்கும்போதே கிராமச் செவிலியர் குந்தவையும் வந்து, வானதியின் வாயைத் திறந்து பார்த்தார்.

"அம்மைன்னா வாயி இப்படி வெந்து போவாதுங்கய்யா. இந்தப் பத்து நாள்ல ஊசி, மருந்து எதாச்சும் ஏத்துனீங்களா?"

வானதி என்னைப் பார்த்தாள். உதடு வீங்கி அவளால் பேச முடியவில்லை. ஜெயபாரதியும் என்னையே பார்த்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து ஊசியே பாத்ததில்ல."

"தடுப்பூசியெல்லாம் நாந்தானே போட்டேன்?"

ஜெயபாரதி சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கேட்டதுக்குச் சொல்லியாச்சு. கெளம்புங்க" என்றேன்.

இரண்டே நாளில் தோல் கொப்பளித்து உரிந்தது. கண் ஒட்டிக்கொண்டது. என் மனைவி ஆனந்தவல்லி என்னைக் கேட்காமல் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். ஸ்கேன் தாளையும் அவளே டாக்டரிடம் நீட்டினாள்.

"ஸ்கேனுக்கு ஏத்துன மருந்துதாங்க. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இப்படி வராது. வந்தா நாள் கழிச்சுதான் காட்டும். தடிப்பு தெரிஞ்சப்பவே வந்திருந்தா கண்ணக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

உயிர் தப்பியது. இடது கண் போயிற்று; வலது கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறது. ஜெயபாரதி நிச்சயத்தை முறித்தார். "கண்ணு போனதுக்காக இல்லீங்க. அன்னிக்கி என்னை உக்கார வச்சிக்கிட்டே அந்த நர்சம்மாகிட்ட பொய் சொன்னீங்களே, அதுக்காக" என்றார். எங்கள் வம்சத்தில் யாரும் கேட்டிராத சொல்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஆகாத மருந்தின் பெயர் எழுதிய அட்டை ஒன்றைத் தந்தார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்ட வேண்டுமாம். சட்டைப் பையில் வைத்தேன்.

"அத எங்கிட்ட குடுங்கப்பா" என்று வானதி கையை நீட்டினாள். "உங்ககிட்ட இருந்தா, யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லேம்பீங்க."

ஆனந்தவல்லி என் பையில் கைவிட்டு எடுத்து அவளிடம் கொடுத்தாள்.