ரயில் நிற்கும்

திருத்தணி வாசகசாலையில் ஊரார் சேர்ந்து பத்திரிகைத் தொழிலுக்கு ஒரு வகுப்பு தொடங்கியது 1946-ல். சென்னை நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்த பக்தவச்சலம் ஞாயிறுதோறும் பாடம் நடத்தினார். படிக்க வந்தவர்களில் ஒரே பெண், ஆரம்பப் பள்ளி ஆசிரியை எல்லம்மாள். அடுத்த பெஞ்சில் சைக்கிள் கடை அதாவுல்லா. தாங்கள் எழுதியதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஒரே வெறி. ஆனால் எழுதியதெல்லாம் வெறும் பயிற்சி: நடக்காத தீ விபத்து, கூடாத கூட்டம்.

ஆடிக் கிருத்திகையன்று நிஜச் செய்தி வாசலுக்கே வந்தது.

மத்தியானம், மலையிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். தெருவோரம் காவடிகள் அப்படியே கிடந்தன.

"காலராவாம்! இனிமே ரயிலு இங்க நிக்காதாம்!"

"யாரு சொன்னது?" வாசகசாலை வாசலில் நின்ற எல்லம்மாள் கேட்டாள்.

"எல்லாரும்தான் சொல்றாங்க!"

பக்தவச்சலம் அரக்கோணம் போயிருந்தார். எல்லம்மாள் பக்கத்தில் நின்ற அதாவுல்லாவிடம் திரும்பினாள். பயத்தைவிட ஆவல்தான் அதிகம்.

"பாய், யாரு சொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாமளே போய்க் கேப்போம். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க. நான் ஆஸ்பத்திரிக் கொட்டாய்க்குப் போறேன்."

அதாவுல்லா சைக்கிளில் தாவி ஏறிவிட்டார்.

மலையடிவாரத்தில் திருவிழாவுக்காகப் போட்ட ஆஸ்பத்திரிக் கொட்டகையில் காவலாளி மறித்தான். "பொம்பளைக்கு இங்க இன்னா வேலை?"

"வாசகசாலையிலேர்ந்து செய்தி கேக்க வந்திருக்கேன்."

இப்படிச் சொல்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. முதுகு நிமிர்ந்தது. சத்தம் கேட்டு டாக்டர் வீராசாமி வெளியே வந்தார்.

"ரெண்டு பேருக்கு வாந்தி. மூணு நாளைக்கு முன்னாடி கட்டிகினு வந்த புளிசோறு கெட்டுப்போச்சு. காலரா இல்ல. நீயே உள்ள வந்து பாரும்மா."

பார்த்தாள். இருவரிடமும் பேசினாள். திரும்பும்போது கேட்டாள்: "உங்க பேரப் போட்டு எழுதலாங்களா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எழுது."

அவள் வாசகசாலைக்கு வந்து சேரும்போதே அதாவுல்லா வியர்வையோடு காத்திருந்தார். "ஸ்டேஷன் மாஸ்டரையே கேட்டேன் டீச்சரம்மா! ஸ்பெஷல் வண்டிதான் லேட்டு. அரக்கோணம் வண்டியும் நிக்கும், ரேணிகுண்டா வண்டியும் நிக்கும்!"

இருவரும் வகுப்புக் கரும்பலகையைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். எல்லம்மாள் சாக்பீஸை எடுத்தாள்.

"வாந்தி சமாச்சாரம் வேணாங்க," என்றார் அதாவுல்லா. "ஜனம் இன்னும் மிரளும்."

"மறைச்சிட்டு நாளைக்குத் தெரிஞ்சா, ரயில் நிக்கும்னு சொன்னதையும் நம்பமாட்டாங்க பாய்."

அவர் தலையைச் சொறிந்தார். "செரி, எழுதுங்க."

தமிழில் எழுதி, அடியில் தெலுங்கிலும் எழுதினாள். ஆனால் ஓடுகிற கூட்டத்தில் நின்று படிப்பவர் யார்? பெஞ்சின்மேல் ஏறினாள். வகுப்பறைக் குரலெடுத்து இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள். மொட்டை போட்ட குழந்தையை இடுப்பில் இடுக்கியிருந்த ஒருத்தி நின்றாள்.

"நீ கண்ணால பாத்தியா?"

"ஆங், பாத்தேங்க. ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சிகினு இருக்காங்க."

அந்தப் பெண் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் அவளிடம் என்ன என்று கேட்டார்கள், அவள் சொன்னாள், அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். ஓட்டம் நடையானது. யாரோ காவடியைத் தோளில் ஏற்றி "அரோகரா!" என்றார்.

சாயங்காலம் அரக்கோணம் வண்டியில் பக்தவச்சலம் வந்திறங்கினார். பலகையை இரண்டு தரம் படித்தார்.

"இன்னும் இங்க நின்னுகினு இருக்கீங்களே! ஸ்டேஷனுக்கு ஓடுங்க, சென்னைல நம்ம பேப்பருக்குத் தந்தி குடுங்க!"

எல்லம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். அதாவுல்லாவின் சைக்கிள் மணி விடாமல் அடித்து வழி கேட்டது.

இரண்டாம் நாள் பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்து மூலையில் நாலே வரி; அவர்கள் பெயர் இல்லை. அதைப் பற்றி எல்லம்மாளுக்குக் கவலையே இல்லை. டாக்டர் சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதும் ஒரு சொல் பிசகாமல் அச்சில் இருந்தன. அன்று சைக்கிள் கடை திறக்கவில்லை. அதாவுல்லா கடைத்தெரு முழுக்க அந்த நாலு வரியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.