ஜன்னலில் காய்ந்த நோட்டுகள்

சுற்றுலாக் கப்பலுக்கு மூன்று டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஏறியது இரண்டு பேர்.

மகனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோக, அவனுடைய லீவை ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் பணம் திரும்ப வராது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அவன் சொன்னபோது, மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள். ஒரே சமையலறையில் வருஷக்கணக்காகப் புழங்கியவர்கள்தான். சண்டை சச்சரவு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் நடுவில் அவன் இல்லாமல் இருவரும் சேர்ந்து பக்கத்துக் கடைக்குக்கூடப் போனதில்லை.

மருமகள் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தாள். பயணத்தில் எதையாவது பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களின் கதையைக் கேட்பதுதான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. அதனால் ஏற்பாடுகள் பலமாக இருந்தன. கப்பல் செலவுக்கு ஒரு கார்டு. அது தொலைந்தால் எடுக்க இன்னொன்று, அது வேறு பையில். கரையில் இறங்கும்போது மட்டும் சின்னப் பர்ஸில் கொஞ்சம் சில்லறை நோட்டு.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாது அத்தை. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்."

"சரிம்மா" என்றாள் மாமியார்.

ரிட்டையர் ஆகும்வரை அவள் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகளைச் செருகிக்கொண்டு, ஒரு பைசா குறையாமல் கணக்குக் கொடுத்தவள். பணத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். செய்வது அவள் இஷ்டம்.

அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு பெரிய ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். அலமாரிக்குள் ஒரு குட்டி இரும்புப் பெட்டி இருந்தது. நாலு எண்ணை அழுத்திப் பூட்ட வேண்டும், அதையே அழுத்தித் திறக்க வேண்டும். மருமகள் பாஸ்போர்ட்டுகளையும் இரண்டாவது கார்டையும் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஏதாவது இருந்தா குடுங்க அத்தை, இதுலயே வெச்சிடலாம்."

"எங்கிட்ட என்ன இருக்கு, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். அது பாட்டுக்கு இடுப்புல இருக்கட்டும்."

சட்டைக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பை கட்டியிருந்தாள். பஸ்ஸில் இருந்த காலத்துப் பழக்கமாக்கும் என்று மருமகள் விட்டுவிட்டாள்.

கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை. கரைதான் மெல்ல விலகிப் போனது. நடைபாதைகளில் கால் புதையும் கம்பளம்; எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கதவுகள், அதே மஞ்சள் வெளிச்சம். எங்கோ கீழே எஞ்சின் ஒரு பெரிய மிருகம் தூங்குவதுபோல உறுமிக்கொண்டிருந்தது. மாமியார் முதல் நாள் மாலை மேல்தளத்துக் காப்பிக் கடையில் நின்று, பழக்கதோஷத்தில் ஒரு நோட்டை நீட்டினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, அவள் கழுத்தில் தொங்கிய அறைச்சாவி அட்டையைக் காட்டினார். அதை ஒரு கருவியில் ஒத்தி எடுத்தார். அவ்வளவுதான். காப்பி வந்துவிட்டது.

"இதுக்கெல்லாம் பணம் எங்கேயிருந்து போகுது?"

"என் கார்டுல இருந்து அத்தை. கடைசியில மொத்தமா எடுத்துப்பாங்க. கப்பலுக்குள்ள நோட்டே செல்லாது."

மாமியார் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். "காசே குடுக்காம எல்லாம் கைக்கு வருது. சுத்தியும் தண்ணி. யாரும் எங்க இறங்கணும்னு கேக்கறதில்ல. செத்துப்போனா இப்படித்தான் இருக்கும்போல."

"ஐயோ, என்ன பேச்சு அத்தை!"

"நல்லாத்தானேம்மா இருக்கு."

அடுத்தடுத்த நாட்களில் காலையில் திரையை விலக்கினால் ஜன்னலில் ஒவ்வொரு முறையும் வேறு உலகம் நின்றது. ஒரு நாள் வெறும் பனிமூட்டம். ஒரு நாள் மலை. கிழமை மறந்துபோனது. மாமியார் மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வருவதுபோலவும், அதை அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவும் இருக்கும்.

பிறகு அந்தத் தீவு வந்தது. வெளுத்த மணல், கரையோரம் கண்ணாடிபோலத் தண்ணீர். மருமகள் ஒரு குடைக்கடியில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் செருப்பைக் கழற்றி வைத்தாள். கால் நனைக்கத்தான் போகிறாள் என்று மருமகள் நினைத்தாள். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அவள் நிற்கவில்லை. யாரோ கூப்பிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று போகிறவளைப்போல நிதானமாக நடந்தாள். ஆழமே இல்லாத கடல் அது, அலையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கைகளைப் பக்கவாட்டில் விரித்தாள். சட்டை பூப்போலச் சுற்றி மிதந்தது.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடினாள்.

"அத்தை! பணம்! இடுப்புல பணம்!"

மாமியார் திரும்பிப் பார்த்தாள். தூக்கத்திலிருந்து எழுப்பிய முகம். இடுப்பைத் தொட்டாள். பிறகு மருமகள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"நனைஞ்சது நனைஞ்சாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

அறைக்கு வந்ததும் மாமியார் உடை மாற்றிக்கொண்டு துணிப்பையைக் கட்டிலில் வைத்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள்ளும் தண்ணீர். மருமகள் அதைப் பிரித்தாள். ஒரு கட்டு வந்தது. அதன் அடியில் இன்னொன்று. பிறகும் வந்தது. கைச்செலவுப் பணம் அல்ல அது. மருமகளுடைய பல மாசச் சம்பளத்துக்குச் சமம்.

"அத்தை, என்ன இது?"

"முதல்ல காய வைக்கலாம். அப்புறம் கேளு."

பாத்ரூமில் துணி உலர்த்த ஒரு கொடி இருந்தது. மருமகளின் ஹேர்பின்கள் எல்லாம் அதற்குப் போயின. மேஜை நிரம்பியது, தலையணைகள் நிரம்பின. மிச்சத்தை என்ன செய்வது என்று மருமகள் கையைப் பிசைய, மாமியார் ஒரு ஈர நோட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி முழுக்க நோட்டுகள். பின்னாலிருந்து சாயங்கால வெயில் பாய, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளிந்திருந்த நீர்க்குறி உருவங்கள் தெரிந்தன. அறை பச்சையும் ஊதாவுமாக மாறியது. கப்பல் அசையும்போது அந்த வண்ணங்களும் சுவரில் அசைந்தன. நோட்டுகளுக்கு இடையே இருந்த சந்துகளில் கடல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பார்த்துக் கதவு தட்டப்பட்டது. துண்டு மாற்ற வந்த பணிப்பெண்.

மருமகள் கதவை ஒரு விரற்கடை திறந்து முகத்தை மட்டும் நீட்டினாள். "இப்ப வேண்டாங்க. எங்க அத்தை தூங்கறாங்க."

உள்ளேயிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு.

"தூக்கத்துல சிரிப்பாங்க" என்றாள் மருமகள். பணிப்பெண் ரொம்ப நாகரிகமாகத் துண்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தித் திரும்பிய மருமகளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சிரித்து ஓய்ந்து, உட்கார வேறு இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இப்ப சொல்லுங்க."

மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு அறை பார்த்திருக்கேன். நம்ம வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, மாடியில. வீட்டுக்காரம்மா அட்வான்ஸை ரொக்கமாத்தான் கேட்டாங்க. பேங்க்ல எடுத்துட்டேன். குடுக்கப் போனா, அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்களாம், வர நாளாகுமாம். வீட்டுல வெச்சா அவன் பார்த்துட்டுக் கேப்பான். அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

"யாருக்கு அறை?"

"எனக்குத்தான்."

வண்ணங்கள் சுவரில் ஏறி இறங்கின. மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். "நான் என்ன பண்ணினேன் அத்தை?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதனாலதான் சொல்ல வரல. சொன்னா நீ இதைத்தான் கேப்பேன்னு தெரியும்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? மருமக வெளிய அனுப்பிட்டான்னு தானே?"

"சொல்லுவாங்க. கொஞ்ச நாள் சொல்லிட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க." மாமியார் காலை நீட்டிக்கொண்டாள். "அப்பா வீட்டுல அக்கா தங்கச்சியோட. அப்புறம் உங்க மாமா. அப்புறம் பிள்ளை. வேலையில நாள் பூரா ஜனம், மேல வந்து இடிச்சுக்கிட்டே. நான் லைட்டை அணைக்கணும்னா இன்னொருத்தர் தூங்கிட்டாங்களான்னு பார்த்துத்தான் அணைச்சிருக்கேன். ஒரு தடவை, ஒரு கதவுக்கு உள்ள நான் மட்டும் இருந்து பார்க்கணும்மா. அவ்வளவுதான் ஆசை. கோவம் இல்ல."

காய்ந்த முதல் நோட்டு கண்ணாடியிலிருந்து பிரிந்து, ஆடி ஆடி வந்து கம்பளத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. உதிர்கிற ஒவ்வொன்றையும் மாமியார் எடுத்து நீவி அடுக்கினாள். மருமகள் எழுந்து சாப்பிடப் போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து எதையோ கொறித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடலுக்குள் கை விரித்து நின்ற அந்த உருவம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து இரும்புப் பெட்டிக்கு முன்னால் மாமியாரை நிறுத்தினாள்.

"இனிமே இதை இடுப்புல கட்டிக்கிட்டு இறங்கக் கூடாது. உள்ள வையுங்க. நம்பரை மாத்தலாம், உங்க நம்பரா போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"நாலு சைபர் போடட்டுமா?"

"எந்தத் திருடனும் முதல்ல அதைத்தான் அழுத்துவான்."

மாமியார் யோசித்தாள். பிறகு, "எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கற? இங்க பாரு. நான் மறந்துட்டா யார் திறக்கறது?" என்றாள். மருமகள் திரும்பி, எண்கள் ஒவ்வொன்றாக அழுத்தப்படுவதைப் பார்த்தாள். பூட்டு 'கிர்ர்' என்று விழுந்தது.

கடைசித் துறைமுகம் ஒரு நெரிசலான பழைய ஊர். மாமியார் பெட்டியிலிருந்து எடுத்து வந்த சின்னத் தொகையை நோட்டு மாற்றும் கடையில் மாற்றி, பாதியை அவள் பையிலும் பாதியைத் தன் பையிலுமாகப் பிரித்து வைத்தாள் மருமகள். தன் கார்டையும் நம்பித்தான் இறங்கியிருந்தாள். ஆனால் வங்கி வாசலில் இருந்த ஏ.டி.எம். அந்தக் கார்டுக்குப் பணம் தரவே மாட்டேன் என்றது. எல்லாவற்றையும் யோசித்தவள், வெளிநாட்டில் கார்டு செல்லும்படி பேங்கில் சொல்லிவைக்க மறந்திருந்தாள்.

"விடும்மா. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்னு நீதானே சொன்னே. நான் இருக்கேன்ல?"

ஒரு சந்து முழுக்கத் துணிக்கடைகள். கதவுகளுக்கு மேலே தொங்கிய துணிகள் காற்றில் உப்பி, தெருவே மூச்சு விடுவதுபோல இருந்தது. மாமியார் ஒரு கடைமுன் நின்றுவிட்டாள். மெல்லிய துணி, தண்ணீரில் பால் கலந்தாற்போல ஒரு நிறம். தொட்டுப் பார்த்தாள். மருமகளைத் திரும்பிப் பார்க்காமல், கையை எடுத்துவிட்டு மேலே நடக்கப் போனாள்.

மருமகள் நகரவில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்தபடி கேட்டாள்.

"ஜன்னல் எவ்வளவு அகலம் அத்தை?"

மாமியார் நின்றாள். பிறகு நடுத்தெருவில், போகிற வருகிற ஜனங்களுக்கு இடையே, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இவ்வளவு இருக்கும்."

"இவ்வளவு பெரிசா? அப்ப ரெண்டு திரை வேணும்" என்றாள் மருமகள். கடைக்காரரிடம் விரலாலும் தலையாலும் பேரம் பேசினாள். மாமியார் நோட்டை எடுத்து, நீளவாக்கில் மடித்து நீட்டினாள். உப்புத் தண்ணீரில் ஊறியதெல்லாம் போய், இது புது நோட்டு, மொடமொடவென்று இருந்தது.

ஊர் திரும்பியதும் மகனிடம் மருமகள்தான் சொன்னாள். அவன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது நாள், "வாடகை எவ்வளவாம்?" என்று கேட்டான். அதற்கப்புறம் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சுவிட்ச் எல்லாம் லொடலொட என்று ஆடுகிறது என்று சொல்லி, தானே மாற்றிக் கொடுத்தான். ஊர் பேசியது. மருமகள் காதில் விழுந்தது. அவள் வலியப் போய் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

மாமியார் குடிபோன வாரம், ஆபீஸ் விட்டு வரும் வழியில் மருமகள் மாடிப்படி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. கையை ஓங்கியவள் ஒரு கணம் தயங்கினாள். இத்தனை வருஷத்தில் மாமியாரைப் பார்க்க அவள் எந்தக் கதவையும் தட்டியதில்லை. அப்படி ஒரு கதவு இருந்ததே இல்லை.

மெதுவாகத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல். அவசரமில்லாத குரல்.

"நான்தான் அத்தை. வரலாமா?"

"இரு, வரேன்."

மருமகள் படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, அந்த நிதானமான காலடிச் சத்தம் அறையைக் கடந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.