எட்டாவது இன்னிங்ஸுக்கு ஒரு இடக்கை

எங்கள் பெலிகன்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது என்று உறுதியான மாலையே நாபோ தன் கடைச் சுவரில் என் அண்ணனின் பெயரை எழுதிவிட்டார். அவசரப்பட்டது அவர் மட்டுமில்லை. தெருவே கூடி நின்று, "எழுத்து இன்னும் பெருசா வரட்டும்" என்று கத்தியது. நீலச் சாயத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு, 'ஜனவரியிலும் எங்கள் வாஸ்கர்'. பக்கத்தில் ஒரு பெலிகன் பறவை. அது வாத்து மாதிரி இருந்தது.

"வாத்துக்கு ஏன்யா பை தொங்குது?" என்று யாரோ கேட்டார்.

"உன் பொண்டாட்டி கடைக்குக் குடுத்தனுப்பின பைதான், சுமந்துக்கிட்டு நிக்குது" என்றார் நாபோ, தூரிகையை விடாமல்.

வாஸ்கர் பேஸ்பாலில் பெலிகன்களுக்குப் பந்து எறிகிறவன். ஆறு அணிகள் ஆடும் எங்கள் லீகில் நான்கு அணிகள் ஜனவரியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும். எங்கள் ஊர் அஸுவா எப்போதும் மற்ற இரண்டில் ஒன்று. அவன் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நாங்கள் கிறிஸ்துமஸைத் தாண்டியதில்லை. அன்று அவனைத் திறந்த லாரியில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். தக்காளித் தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து வந்த பெண்கள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். எறிகிற கையை.

நான் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறேன், மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். எதையும் வரிசைப்படுத்தாமல் யோசிக்க எனக்கு வராது. வரிசைப்படுத்திய பிறகும் அது சரிதானா என்று சந்தேகமாகவே இருக்கும். லாரியின் பின்னால் மோட்டார் பைக்கில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு போனபோதும் எங்கள் அணியை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மட்டையடி போதும். நடுத் தடுப்பில் நிற்கிற பையன் வௌவால் மாதிரி, எதையும் விடமாட்டான். முதலில் எறிகிறவர்கள் ஒன்பது இன்னிங்ஸில் ஆறைத் தாங்குவார்கள். ஏழாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் ஆள் உண்டு. எட்டாவதில்தான் ஓட்டை. மற்ற மூன்று அணிகளிலும் அபாயமான மட்டையாளர்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள். அவர்களை அடக்க இடக்கையால் எறிகிற ஒருவன் வேண்டும். எங்களிடம் இல்லை. எட்டாவதில் நாங்கள் அனுப்புவது வலக்கைக்காரர்களை. அவர்களில் ஒருவன் வாஸ்கர்.

நான் தவறாகவும் நினைத்திருக்கலாம். ஆனால் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், நவம்பரிலிருந்து, வானொலியில்.

மத்தியானம் லிகோரியோ நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்கு அப்பா தினமும் போன் செய்வார். அஸுவாவில் எலாதியோ என்றால் மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றிப்போகிற எலாதியோ என்று யாருக்கும் தெரியாது, 'இடக்கை எலாதியோ' என்றால் தெரியும். "ஒரு இடக்கை வாங்குங்கய்யா! பிச்சை எடுத்தாவது வாங்குங்க!" என்று அவர் கத்துவதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிக் காட்டுவார்கள்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஆள் எடுப்பு நடக்கும். தோற்று வெளியே போன இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களை, உள்ளே வந்த நான்கு அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். பட்டியலின் நீளம் மட்டும் மாறாது. ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே. இந்த விதி எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். இருந்தும் சுவரில் எழுதினோம், லாரியில் ஏற்றினோம். இத்தனை வருடம் எடுக்கப்படுகிற பக்கத்திலேயே இருந்தவர்கள் நாங்கள். எடுக்கிற பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் பழக்கமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டில், பன்றி வறுவல் தட்டை நகர்த்திக்கொண்டே, அண்ணன்தான் அதைச் சொன்னான்.

"நாம தெல்மிரோவத்தான் எடுப்போம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. தெல்மிரோ தோற்றுப்போன ஓர் அணியின் இடக்கைக்காரன். "பின்ன? அவன் எறிஞ்சா பந்து படிக்கட்டுல இறங்குற மாதிரி இறங்குமேடா! அவன் மட்டும் வந்துட்டா..."

"வந்துட்டா யார் போவா, அப்பா?"

அப்பா வாயில் வைத்த கறியை மெல்லவில்லை. அம்மா ஒனெய்தா அவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பதினோரு பேர் எறியறோம்" என்றான் அண்ணன். "வயசுல பெரியவன் நான். வேகம் கம்மியானவன் நான். அமெரிக்கக் கிளப்போட ஒப்பந்தம் இல்லாததும் நான் மட்டும்தான். என்னைத் தூக்கினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நாபோ சுவத்துல எழுதியிருக்கானே" என்றாள் அம்மா, அது ஒரு சான்றிதழ் போல.

அண்ணன் சிரித்துவிட்டான். "அந்த வாத்தையும் சேத்துதான் தூக்குவாங்கம்மா."

வேறொரு விஷயமும் மேசையில் இருந்தது, அதை எல்லோரும் அறிவோம். டிசம்பர் தொடக்கத்தில் மெக்சிகோக்காரர் ஒருவர் மைதானத்துக்கு வந்திருந்தார். கோடைக்கால லீகுக்கு ஆள் பார்க்கிறவர். அண்ணனின் முழங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிசம்பர் ஆட்டத்தை நான் கணக்குல வைக்கிறதில்ல, தம்பி. ஜனவரியில எறி. வந்து பாக்கறேன்" என்று சொல்லிப் போனார். பதினாறு வயதில் வடக்கே அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகப்பட்டு, கை அறுத்துத் தைக்கப்பட்டு, இருபத்தொன்பதில் திரும்பி வந்தவனுக்கு அந்த ஒரு பேச்சுதான் இருந்தது. அது இல்லையென்றால் அப்பாவின் மோட்டார் பைக் இருந்தது.

ஆள் எடுப்பு நாளன்று மத்தியானம் அப்பா போன் செய்யவில்லை. நாபோ கடையில் டோமினோ மேசையில் உட்கார்ந்து, கட்டைகளைக் கலைத்துக்கொண்டே இருந்தார். நான் மருந்துக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கும்பாதிரி, இன்னிக்கு வாய்க்கு விடுமுறையா?" என்றார் நாபோ. வாஸ்கருக்கு ஞானஸ்நானத் தகப்பன் அவர். அந்த உறவை வைத்துத்தான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அப்பா பதில் சொல்லும் முன்பே அவருடைய போன் அடித்தது. லிகோரியோவே அழைத்திருந்தார். அப்பாவின் போனிலும் கடை வானொலியிலும் ஒரே குரல், வானொலியில் ஒரு மூச்சு தாமதமாக.

"இடக்கை எலாதியோ! செத்துப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்! இந்த நாளுக்காகத்தானே ரெண்டு மாசமா என் காதைத் தின்னீங்க? சொல்லுங்க, சாயங்காலம் பெலிகன்கள் யாரை எடுக்கணும்?"

டோமினோக் கட்டைகள் நின்றன. நாபோ தலையை ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்: மட்டையாளர்னு சொல்லு. யாராவது மட்டையாளர்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லி என்னய்யா ஆகப்போகுது" என்றார் அப்பா.

"ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, எலாதியோ ஐயா. நீங்க சொல்லலேன்னா யார் சொல்வா?"

அப்பா போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில், "தெல்மிரோ" என்றார். "எட்டாவது இன்னிங்ஸுக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று கத்தினார் லிகோரியோ. கைதட்டல் ஒலியை ஓடவிட்டார்கள்.

அப்பா போனை மேசையில் வைத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் ஐஸ்பெட்டியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினான்.

"சரியாத்தான் சொன்னீங்க. என்னைக் கேட்டிருந்தா நானும் அதான் சொல்லியிருப்பேன்."

"வாயை மூடுடா" என்றார் அப்பா. கண்கள் ஈரமாகியிருந்தன.

அப்பா வேறு பெயரைச் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்று பிறகு பலமுறை யோசித்தேன். மாறியிருக்காது. அணி அலுவலகத்தில் இருப்பவர்கள் மோட்டார் பைக் ஓட்டுகிறவரைக் கேட்டு ஆள் எடுப்பதில்லை. இது எனக்கு நிச்சயம். அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் தெரியும் என்றார். தெரிந்தது எங்களுக்கு எதற்கும் உதவவில்லை.

சாயங்காலம் பெலிகன்கள் தெல்மிரோவை எடுத்தார்கள். தெருவில் வெடி வெடித்தது, பிறகு யாரோ வெடித்தவனை அதட்டினார்கள். சற்று நேரத்தில் அணி அலுவலகத்திலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. "சரிங்க. ஆமாங்க. நன்றிங்க." அவ்வளவுதான் பேசினான். போனை வைத்துவிட்டு எங்களிடம், "வெளிய போகச் சொல்லல. காத்திருக்கச் சொல்றாங்க. எறியறவங்க யாருக்காவது அடிபட்டா கூப்பிடுவாங்களாம்" என்றான்.

அம்மா அல்டாகிராசியா மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டிக்கல. எதைக் கேட்டாலும் பாவமா வருது. பாத்துக்கோ தாயேன்னு மட்டும் சொன்னேன்."

அவள் சொன்னது எனக்குப் படுத்த பிறகுதான் புரிந்தது. பழக்கத்தில் மனம் வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்தது: பந்து எறிகிறவர்களில் யாருக்குத் தசை பிடித்தால் நஷ்டம் குறைவு? இந்தப் பையன் சின்னவன், சீக்கிரம் தேறிவிடுவான். அவனுக்கு அமெரிக்க ஒப்பந்தம் இருக்கிறது, வைத்தியம் அவர்களே பார்ப்பார்கள். மூன்றாவது பெயர்வரை போய்விட்டேன். எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் ஜனவரித் தொடக்கத்தில். நாபோ கடையில் டிவியைச் சுற்றி இடமில்லை. எங்களுக்காக முன்வரிசையில் நான்கு நாற்காலி காலியாக விட்டிருந்தார்கள், துக்க வீட்டில் விடுவதுபோல. அண்ணன் பெலிகன் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். போனை மேசையில், திரை மேலே பார்க்க வைத்தான். யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். ஓர் ஆள்கூட அவுட் ஆகும் முன்பே எதிரணியின் ஆட்கள் ஓட்டம் எடுக்கக் காத்து இரண்டு தளங்களில் நின்றார்கள். அடுத்த இருவரும் இடக்கை மட்டையாளர்கள், ஒருவர் பின் ஒருவர். தெல்மிரோ வந்தான். கடையே எழுந்து நின்றது. முதல் ஆளைத் தரையோடு அடிக்கவைத்தான். நடுத் தடுப்பில் நின்ற வௌவால் பையன் எடுத்து எறிய, ஒரே பந்தில் இரண்டு அவுட். மூன்றாவது தளத்தில் மட்டும் ஆள் மிச்சம்.

"படிக்கட்டு!" என்று கத்தினார் நாபோ. "பந்து படிக்கட்டுல இறங்குதுடா!" பிறகு எங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தவன் இரண்டு பந்தையும் தவறவிட்டான்; இரண்டாவதை எறிந்ததும் தெல்மிரோ முன்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வைத்தியர் பையோடு ஓடினார். "ஐயோ மாதாவே" என்றது கடை.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன, அது மட்டும் தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் தெல்மிரோவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தார்கள். நாங்களும் அதைத்தான் நினைத்தோம் என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

தெல்மிரோ கையை உதறினான். ஒத்திகைக்கு ஒரு பந்து எறிந்தான். வைத்தியரிடம் தலையை ஆட்டினான். வைத்தியர் பையை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"தாழ எறிடா" என்றான் அண்ணன், திரையைப் பார்த்து, மெதுவாக. "தாழ, வெளிப்பக்கம்."

தாழ எறிந்தான், வெளிப்பக்கம். மட்டை மூன்றாவது முறையும் காற்றை வெட்டியது. மூன்றாவது அவுட்.

கடை வெடித்தது. பீர் தெறித்தது, யாரோ என் முதுகில் ஏறிக் குதித்தார்கள். அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான், எல்லோரையும்விட உரக்க. கத்திக்கொண்டே ஒரு கையை இறக்கி, போனைத் திரை கீழே போகும்படி கவிழ்த்து வைத்தான்.

அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கும்பாதிரி, நாமதானய்யா முன்னாடி இருக்கோம்!" என்று அவர் தோளை உலுக்கினார் நாபோ.

"தெரியுது" என்றார் அப்பா.

தெல்மிரோவின் கை நன்றாக இருக்கிறது, ஒன்பதாவதிலும் அவனே எறிவான் என்றார் அறிவிப்பாளர்.