ஆறாம் பொத்தான்

இரண்டு லிஃப்டுகளும் தரைத்தளத்தில் வாயைத் திறந்து நின்றன. இடதுபக்கப் பெட்டியில் அப்பாவும் மகனும். வலதுபக்கப் பெட்டியில் அம்மாவும் மகளும். "மூணு சொன்னதும் அமுக்கணும். அதுக்கு முன்னாடி அமுக்கினா ஆட்டம் செல்லாது" என்று மகள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். ஒன்பது வயதுதான். ஆனாலும் வீட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பவள் என்பதால் அவளுக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். தம்பி பொடியனுக்கு ஐந்து முடிந்து மூன்று மாதம். அவனுக்கு இந்தப் பந்தயத்தில் நாட்டமில்லை. பெட்டியின் மூலையில் சாய்ந்துகொண்டு, "கும்பகர்ணனை எழுப்பலாம்பா" என்று காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அது தூங்கட்டும்டா. உடம்பு சரியில்ல அதுக்கு" என்றான் அப்பா, செல்போனில் விநாடிகளைக் காட்டும் கடிகாரத்தைத் தேடியபடி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சில குடும்பங்களுக்குக் கிரிக்கெட், சில குடும்பங்களுக்குச் சினிமா என்றால் இந்தக் குடும்பத்துக்கு லிஃப்ட் பைத்தியம் பிடித்திருந்தது. வெயில் கால விடுமுறையென்றால் ஆற்றங்கரை, பூங்கா என்று போக இடமிருக்கும். மழைக்கால விடுமுறையில் பிள்ளைகளை நாலு சுவருக்குள் வைத்துச் சமாளிக்க முடியாமல்தான் ஒருநாள் அவர்களைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போனான். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். துணிக்கடையில் கிறீச்சிட்டபடி ஏறுவது முனகல் மாமி. ஆஸ்பத்திரியில் இருப்பது ஆமை. இந்தப் பதினொரு மாடி அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் சாமான் ஏற்றும் பழைய லிஃப்ட் ஒன்று, இரண்டு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. அதுதான் கும்பகர்ணன். பெயர், மாடிகள், ஏறும் விநாடிகள், சத்தம் எல்லாம் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருந்தன. கடைசிப் பக்கம் மட்டும் தம்பிக்கு. ஒவ்வொரு விடுமுறைக்கும் இந்தக் கட்டடத்து லிஃப்டில் எத்தனையாவது மாடிப் பொத்தான் வரை அவன் கை எட்டுகிறது என்று அதில் குறித்து வைத்திருந்தாள். முதலில் இரண்டு. அப்புறம் மூன்று. போன கோடையில் ஐந்து.

"ஒன்னு, ரெண்டு, மூணு."

அப்பா பதினொன்றை அமுக்கினான். கதவு மூடத் தொடங்கியபோது காலோரம் ஏதோ உரசியது போலிருந்தது. அவன் கண் கடிகாரத்தில் இருந்தது. நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது, மூலை காலியாக இருந்தது. ஒரு கணம் திக்கென்றது. உடனே சிரித்துக்கொண்டான். போன முறையும் பயல் கடைசி நேரத்தில் கட்சி மாறி அம்மா பக்கம் ஓடியிருந்தான்.

மேலே இவன்தான் முதலில் வந்தான். நாற்பத்தொரு விநாடி. இரண்டு விநாடி கழித்து வலதுபக்கக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தாள். மகள் வந்தாள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடியும் கைப்பிடிக் கம்பியும் மட்டும் இருந்தன.

"சின்னவன் எங்க?" என்றாள் மனைவி.

"உன்கூட வரலயா?"

"என்ன விளையாடுறீங்களா? உங்க பெட்டியில தானே நின்னான்?"

அதற்குள் வலதுபக்கக் கதவு தானாக மூடிக்கொண்டது. கீழேயிருந்து யாரோ அழைக்கிறார்கள். "அவன்தான்" என்றாள் மகள். "கீழ நின்னு கூப்பிடுறான்." மனைவியின் முகம் லேசாகத் தெளிந்தது. அப்பாவின் கை மட்டும் இடுப்புப் பக்கம் போனது. பெல்ட்டில் சாவி வளையம் தொங்கும் இடத்தில் ஒன்றும் இல்லை.

காலையில் பொடியன் அடம்பிடித்து அழுதபோது அவன்தான் அதைக் கழற்றிக் கொடுத்தான். "அதெல்லாம் விளையாட்டுச் சாமானா?" என்று மனைவி கேட்டாள். "சாவிதானே, கடிச்சா தின்னுடப் போறான்?" என்று இவன் சிரித்தான். முக்கோண முனை வைத்த சாவி அது. பெட்டி வராத மாடியிலும் லிஃப்ட் கதவைத் திறக்கும். கதவுக்குப் பின்னால் பெட்டி இல்லாவிட்டால் வெறும் கிணறு. புதிய லிஃப்டுகளில் சாவித் துளை கதவின் உச்சியில் இருக்கும், குழந்தைக்கு எட்டாது. இதை நினைத்ததும் மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. கும்பகர்ணன் பழசு. அதன் துளை பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதன் பெட்டியை இரண்டு மாதத்துக்கு முன் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்தவன் இவனேதான்.

இடதுபக்க லிஃப்டில் மூவரும் இறங்கினார்கள். ஏறியபோது நாற்பத்தொரு விநாடி எடுத்த பெட்டி இப்போது நகர்கிறதா என்றே தெரியவில்லை. "சாவி அவன்கிட்ட இருக்கு" என்று அவன் மெல்லச் சொன்னான். மகளின் தோளைப் பிடித்திருந்த மனைவியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

தரைத்தளத்தில் லிஃப்டுகளுக்கு முன்னால் யாரும் இல்லை. விடுமுறை நாள், கண்ணாடி வாசலுக்கு வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி, "வெளிய யாரும் போகல சார், இங்கயேதான் இருக்கேன்" என்றார். மனைவி அவரோடு தரைத்தளத்து அறைகளைத் தேட ஓடினாள். பின்பக்கக் கும்பகர்ணன் கதவு பூட்டியபடி இருந்தது. வலதுபக்க லிஃப்டின் எண் பலகை இரண்டைக் காட்டியது. அப்பா படிகளில் ஏறினான், மகள் பின்னால் ஓடிவந்தாள். இரண்டாம் மாடியில் துப்புரவுக்கார அம்மா வாளியும் துடைப்பமுமாக அந்த லிஃப்டின் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்னப் பையனைப் பாத்தீங்களாம்மா?"

"இல்லையே தம்பி. இப்பதான் லிஃப்டைக் கூப்பிட்டேன். மேலேருந்து காலியா வந்துச்சு. ஏன், காணோமா? பயப்படாதீங்க, எங்க போயிடப் போகுது புள்ள."

மேலேயிருந்து காலியாக. அப்படியானால் முதலில் அழைத்தது பயல்தான், ஏறி மேலே எங்கேயோ இறங்கியிருக்கிறான். எந்த மாடி? அப்பாவின் மூளை வேலை நேரத்தில் பழுது தேடுவது போல ஒவ்வொன்றாகத் தள்ளியது. கை எட்டுகிற பொத்தானைத்தான் அமுக்குவான். எட்டுகிறதிலேயே உயரமானதைத்தான் அமுக்குவான், அதில்தான் அவனுக்குப் பெருமை. போன கோடையில் ஐந்து.

ஐந்தாம் மாடிக்கு லிஃப்டில் போனார்கள். நீண்ட நடைபாதை, இருபுறமும் பூட்டிய அலுவலகங்கள். அதன் கோடியில் கும்பகர்ணன். அவன் ஓடினான். கதவு மூடியிருந்தது. துளையில் சாவி இல்லை. தரையில் தூசி கலையாமல் படிந்திருந்தது. அவன் கதவில் காதை வைத்தான். உள்ளே காற்று மட்டும் கிணற்றின் நீளத்துக்கு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, நிறுத்தினான். குரல் கேட்டு அவன் துள்ளிக் குதித்து ஓடிவந்தால்? எங்கேயாவது திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தால்?

கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா" என்றாள். "இந்த லீவுக்கு நான் இன்னும் எழுதல. காலையில வந்ததும் அவன் செருப்போட எக்கிப் பாத்தான். ஆறு எட்டுச்சு. செருப்பு போட்டிருந்தா கணக்குல சேராதுன்னு நான்தான் எழுதல."

ஒரே மாடி. இருபது படிகள். எப்படி ஏறினான் என்று பின்னால் அவனுக்கு நினைவில்லை.

ஆறாம் மாடி நடைபாதைக் கோடியில், கும்பகர்ணனின் கதவுக்கு எதிரே, பொடியன் சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் நின்றுபோனால் இப்படித்தான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முக்கோணச் சாவி துளையில் செருகியபடி நின்றது. வளையம் கதவிடுக்கின் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"கும்பகர்ணன் இன்னும் வரலப்பா" என்றான் பையன். "எவ்ளோ நேரமா எண்ணுறேன்."

அப்பா அவனைத் தூக்கவில்லை. முதலில் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றான். அப்புறம்தான் மண்டியிட்டு அணைத்தான். தலை, கைகள், முழங்கால் என்று தடவிக்கொண்டே போன கை, வெறும் பாதத்தில் வந்து நின்றது. ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றதில் இல்லை.

"இன்னொரு செருப்பு எங்கடா?"

"உள்ள போயிடுச்சு."

"உள்ளன்னா?"

"நீ கட்டை வைப்பல்ல, கதவு மூடாம இருக்க? அந்த மாதிரி வச்சேன். கதவு ரொம்ப கனம்பா. இவ்ளோதான் திறந்துச்சு." கையை விரித்து ஒரு சாண் காட்டினான். "செருப்பு வழுக்கி உள்ள விழுந்துடுச்சு. கதவு தானா மூடிக்கிச்சு. நான் எண்ணினேன். ஒன்னு, ரெண்டு, மூணு. அப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு."

மகள் நோட்டை மூடினாள்.

அப்பா எழுந்து சாவியை உருவினான். ஒரு சாண். பையனின் தலை எத்தனை சாண் என்று மனம் தானாக அளக்கப் போனது. அவன் அதை அளக்க விடவில்லை. சாவியைக் கைக்குள் வைத்து, முனை உள்ளங்கையில் குத்தும்வரை இறுக்கினான். கதவின் அடியிலிருந்து வந்த சில்லென்ற காற்று கணுக்காலில் பட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா கீழ தேடுறாங்க, வா" என்றாள் மகள்.

"லிஃப்டுல போலாமா?" என்றான் பொடியன்.

"படியில போலாம்."

"தூக்கிக்கோப்பா" என்று கேட்பான் என்று நினைத்தான். பையன் கேட்கவில்லை. ஆறு மாடியையும் தானே இறங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அப்பா பின்னால் இறங்கினான். காலியான படிக்கட்டில் செருப்புக் கால் சப்பென்று விழுந்தது. அடுத்த கால் வெறுங்கால், அதற்குச் சத்தமில்லை. சப். பிறகு ஒன்றுமில்லை. சப். பிறகு ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை சத்தம் நின்றபோதும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சப்புக்காகக் காத்திருந்தான்.