பதினேழாம் பக்கம்

திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, சோலையப்பன் சார் வீட்டுக்கு நடந்தேன். பையில் அவருடைய பழைய கட்டுரை இருந்தது. எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வந்தாலும் சிலவகைக் கணக்குகளைச் சீக்கிரம் முடிக்கவே முடியாது என்று, ஒரு கம்ப்யூட்டரையும் தொடாமல், வெறும் பேனாவால் நாற்பது வருடங்களுக்கு முன்பே நிரூபித்த மனுஷன். அந்தத் தேற்றத்துக்கு அவர் பெயர்தான். என் இருபது வருட ஆராய்ச்சி மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த நிரூபணம் உள்ள கட்டுரையின் பதினேழாம் பக்கத்தில் 'இது எளிதில் விளங்கும்' என்று ஒரு வரி. புத்தகமாக எழுதலாம் என்று போன மாதம் உட்கார்ந்தபோதுதான் முதல்முறையாக அந்த வரியை விரித்துப் போட்டுப் பார்த்தேன். இருபது நாள் முட்டி மோதிய பிறகு, அது தப்பு என்பதுதான் விளங்கியது. அந்த வரி விழுந்தால் தேற்றமும் விழுந்தது. அவர் வகுப்பில் அந்த மாதிரி வரிக்கு 'எப்படி சார்?' என்று கேட்டால் மாடு மேய்க்கப் போகச் சொல்லுவார். கேட்காமல் இருந்தவர்களெல்லாம் புரொபசர் ஆனோம். என்ன பிழைப்பு!

சாருடைய மனைவி உமா அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் பத்து நாள்தான்னுட்டாக அருணா. நல்லதா நாலு வார்த்த பேசிட்டுப் போங்க."

கட்டிலில் சார் பாதியாகக் கிடந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டுரையை அவர் பார்த்துவிட்டார்.

"பதினேழாம் பக்கமா?"

கட்டுரையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"எப்பலேருந்து சார் தெரியும்?"

"தொண்ணூத்தி ஆறு. சரி பண்ணிரலாம்னுதான் இருந்தேன். முடியல."

நான் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து நாலில். இதை எடுத்துக்கோ என்று தேற்றத்தை என் கையில் கொடுத்தவரே அவர்தான். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, அப்பா சாவுக்குக்கூட ஒரே நாள் கந்தர்வக்கோட்டைக்குப் போய்வந்து, அதைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் கழுத்தை நெரிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. சாகக் கிடக்கிற ஆள் மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"நீ சரி பண்ணிருவேன்னு நெனச்சேம்மா."

உமா அம்மா காப்பியோடு உள்ளே வந்தார். கட்டுரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்களுக்குப் பிள்ளையா குட்டியா? இவுக பெத்தது இது ஒண்ணுதான். இதுல ஒரு கொறையும் இல்லையில்ல அருணா?"

இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இல்லைங்கம்மா," என்றேன்.

அம்மா டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டுரையை எடுத்து முந்தானையால் துடைத்துச் சாருடைய தலைமாட்டில் வைத்தார். சார் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன அவர் கை மட்டும் மெல்ல நகர்ந்து போய் அதைக் குப்புறக் கவிழ்த்தது.