இன்னிக்கு இன்னா ஸ்டேஷன்?

பல்கலைக்கழக வாசலில் இருக்கும் லைட் ரயில் நிலையத்துப் பலகையில், அந்தப் பாதையில் அன்று யார் மேல் பொறாமை அதிகமோ அவர் பெயர்தான் விடியும்போது எழுதியிருக்கும். ரயில் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்தே இப்படி. முதலில் ஆம்பூரில் புதுக் கார் எடுத்த முஜாஹித் பெயர் வந்தது. மறுநாள், படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்த சௌமியா என்கிற மாணவியின் பெயர். பெயிண்டரைக் கூட்டி வந்து மூன்று முறை அழித்தார்கள். நான்காம் நாள் பெயிண்டரின் பெயரே வந்தது, தினமும் வேலை இருப்பது அவருக்கு மட்டும்தான் என்பதால். அதோடு அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். டிக்கெட் மெஷினும் பலகையைப் பார்த்து அச்சடிக்கப் பழகிக்கொண்டது. ஜனங்கள் "இன்னிக்கு இன்னா ஸ்டேஷன்?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்கினார்கள்.

மாதனூரில் ஏறும் செண்பகத்துக்குத்தான் இதில் தீராத எரிச்சல். பத்தொன்பது வருஷமாக ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். கொழுந்தனின் மனைவி பூர்ணிமாவுக்கோ பல்கலைக்கழக ஆபீஸில் வேலை, இடுப்பு வரை முடி, வாய்க்கு வாய் "என் சின்ன மருமக" என்கிற மாமியார். ஒரே வருஷத்தில் பூர்ணிமாவின் பெயர் நாற்பத்தோரு நாள் பலகையில் வந்தது. செண்பகத்தின் பெயர் ஒரு நாள்கூட வரவில்லை. ஒரே ஒரு நாள் வந்தால் போதும் என்று ஏங்கினாள். ஜன்னல் வழியே ஓரகத்தியின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் அவள் ரவிக்கையின் இடப்பக்கம் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் கருகியது. அந்த இடத்தில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் சொன்னாள். தையல்காரரும் காரணம் கேட்கவில்லை.

பெயர் வரவழைக்க அவளும் பார்த்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மகளுக்கு ஜெர்மனியில் சீட் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். பக்கத்து மெஷின் ஜஹீருன்னிசா நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "ஏண்டி, உனக்கு ரெண்டும் பசங்கதானே?" என்றாள். பலகை அசையவில்லை.

பூர்ணிமாவுக்குப் பெயரும் வேண்டும், கண்ணும் படக்கூடாது. முடி கொட்ட ஆரம்பித்ததும், யார் கண் என்று பார்க்கக் காலடி மண் எடுத்தாள். ஆபீஸில், தெருவில், சந்தேகப்பட்ட முப்பத்தாறு பேரின் காலடி மண்ணைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றாக உப்பு மிளகாயோடு சுற்றி அடுப்பில் போட்டாள். ஒவ்வொரு முறையும் வீடே இருமியது. கடைசியாகச் செண்பகத்தின் காலடி மண். ஏழு மிளகாயும் கருகின, துளி நெடி இல்லை; அடுப்புப் பக்கம் படுத்திருந்த பூனைகூட எழவில்லை. கண் யாருடையது என்று தெரிந்தது, கழிந்தும் போனது. பூர்ணிமா நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து செண்பகத்தின் நெஞ்சு குளிர்ந்து கிடந்தது. ஸ்டேஷன் வந்தால் பலகையைப் பார்க்காமல் கொய்யாப்பழம் தின்றாள். அன்றிலிருந்து பூர்ணிமாவின் பெயரும் பலகையில் வரவேயில்லை. பூர்ணிமா ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது: அந்த நாற்பத்தோரு நாளும் தன் பெயரை எழுதியது செண்பகத்தின் பொறாமைதான். ஒரு காலை ரயிலில் செண்பகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அக்கா, புது வளையலு. பாத்தியா?"

"நல்லாக்கீதுடி. உன் கைக்கு எடுப்பா கீது."

பூர்ணிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாக்கீதுன்னு சொல்லாதக்கா. முன்ன மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கோ. கொஞ்சமாச்சும் பொறாமப்படுக்கா!"

"நானும் பாக்கறேன், வரமாட்டேங்குது. இன்னா பண்ணச் சொல்ற?" என்று செண்பகம் சிரித்தாள். மனசில் எதுவும் இல்லாத சிரிப்பு. அதைப் பூர்ணிமாவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பலகையில் செண்பகம் என்று இருந்தது.

"உன் பேருடி! ஏந்து பாரு!" என்று ஜஹீருன்னிசா பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். செண்பகம் பார்த்தாள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக ஏங்கின நெஞ்சு இப்போது அவளிடம் இல்லை. அது மண்ணோடு மண்ணாக ஓரகத்தியின் அடுப்பில் வெந்துபோயிருந்தது. "உன் ஓரகத்தி காலடி மண்ண எடுத்து நீயும் சுத்திப் போடு, கண்ணு நஜர் போய்டும்" என்றாள் ஜஹீருன்னிசா. "இருக்கட்டும் விடு, பாவம்" என்று செண்பகம் டிபன் பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு வருஷமாகிறது, பெயர் மாறவில்லை. மழைக்கு முன் ஸ்டீல் எழுத்து பதித்துவிட்டார்கள். வழித்தட வரைபடத்திலும் அதுதான். வெளியூரிலிருந்து சேர வரும் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகம் போகணும்னா செண்பகத்துல இறங்கு என்று சொல்லி அனுப்புகிறார்கள். பூர்ணிமாவும் ஆபீஸுக்குப் போக, தினமும் காலை எட்டு ஐம்பதுக்குச் செண்பகத்தில்தான் இறங்குகிறாள்.